முயலுக்கு மட்டும் இமைமுடி

வார்கெத்திலியில் ஒன்பதாம் மாடி.
மின்சாரம் வராத குளிர்காலம்.
அப்பா காரிலிருந்து பேட்டரியைக் கழற்றிப்
படியேறிச் சுமந்து வருவார்,
இருபது நிமிடக் கார்ட்டூனுக்காக.
அதற்குமேல் பார்த்தால்
காலையில் வண்டி கிளம்பாது.

மலை மீட்புப் படையில் ஐந்து பேர்.
கரடி கயிறு பிடிக்கும்.
கீரி வரைபடம் விரிக்கும்.
நீர்நாய் வெள்ளத்தில் குதிக்கும்.
முள்ளெலி, கெட்டுப்போன எதையும்
ஒரே ஸ்பேனரால் சரிசெய்துவிடும்.
ஐந்தாவது, முயல்.
முயலுக்கு இமைமுடி இருந்தது.

ஐந்து வாய்க்கும் ஒரே பெண்மணி பேசினார்,
ஜலதோஷம் பிடித்த குரலில்.
ஜார்ஜிய மொழியில்
அவனும் இல்லை, அவளும் இல்லை;
எல்லோரையும் சுட்ட
'இஸ்' என்று ஒரே சொல்.
அந்தச் சொல்லுக்குள்
நான் முள்ளெலியாக நுழைந்து
இரண்டு வருடம் குடியிருந்தேன்.
தலைமுடியைத் தண்ணீர் தொட்டு முள்ளாக்கினேன்.
அடுப்பின் திருகாணியைக் கழற்றி
அடி வாங்கினேன்.

பிறகு அண்ணன் கோச்சாவுக்கு
இஸ்தான்புல்லிலிருந்து ஒரு பொம்மைப் பெட்டி வந்தது.
"முள்ளெலி பையன்டி, மண்டு.
உன்னுது இது"
என்று முயலை என் பக்கம் எறிந்தான்.
அதன் கையில் ஒரு சீப்பு ஒட்டியிருந்தது.
பிய்க்கப் பார்த்தேன்.
கையோடு வந்தது.

இன்று அதே படைக்குப் புதுத் தொடர்.
ஜார்ஜிய வசனம் நான்தான் எழுதுகிறேன்.
வாய்க்கொரு குரல், குரலுக்கொரு சம்பளம்.
முயலுக்குப் பதவி உயர்வு:
ரோஸ் நிறத்தில் ஒரு ஹெலிகாப்டர்.
ஓட்டுவது கரடி.

முப்பத்தோராம் பகுதியில் முயல் பேசுவது மொத்தம்
"கவனம்!"
"எனக்குப் பயமா இருக்கு."
"ஐயோ, கேக் ஆறிடுமே."
அப்புறம் ஏழு "ஆ!"

மகன் தாச்சி பக்கத்தில் உட்கார்ந்து
வால்நட் மென்றுகொண்டிருந்தான்.
"அம்மா, மத்த நாலு பேருக்கும்
கண்ணுல தூசி விழாதா?"
விழும்.
"முயலுக்கு என்ன வேலை?"
அதைக் காப்பாத்துவாங்க.
"அது வேலையா?"

மறுநாள் பள்ளியில் அவன்தான் முயல்.
நீலப் பேனாவால் இமைமுடி வரைந்து
படையை நடத்தியிருக்கிறான்.
ஈரத்தாளால் அழுத்தித் துடைத்து,
கன்னம் கன்றச் சிவக்க
வீட்டுக்கு அனுப்பினார் ஆசிரியை.
"அழிச்சிட்டாங்க" என்றான்.
கண்ணாடியிடம் என்னை இழுத்துப் போய்
"ஒண்ணாவது மிச்சம் இருக்கா பாரேன்."

ஒன்று இருந்தது.
வலது கண்ணின் ஓரம்,
ஒரு கோடாகக்கூட இல்லை,
புள்ளி.

அன்றிரவு ஏழாவது "ஆ"வை
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
வாய் திறக்கிறது. கொஞ்சம் சுருங்குகிறது.
மறுபடி, இன்னும் பெரிதாக.
எங்கள் மொழியில் 'முடியாது' என்பதற்கு
இரண்டே எழுத்து: அரா.
அந்த வாய்க்கு அளவெடுத்துத் தைத்தது போல.

இயக்குநர் நுக்ஸாருக்கு ஒரே ஒரு சட்டம்,
உதடு பொருந்த வேண்டும்.
மற்றதெல்லாம் "கார்ட்டூன்தானே, விடு."
கண்ணாடி அறைக்குள் நாசிப்ரோலா
ஆறு முறை அலறினார்,
முப்பது வருடப் பழக்கத்தில், தேநீர் ஆறுவதற்குள்.
ஏழாவது வரியில் நின்றார்.
தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
சொன்னார்.
யாரும் கேட்காமலே
"இன்னொரு டேக்" என்றார்.
இந்த முறை மைக்கின் ஊசி
சிவப்பைத் தொட்டுத் திரும்பியது.

நுக்ஸார் கைபேசியிலிருந்து நிமிராமல்
"பொருந்துது. அடுத்தது."

படத்தில் எதுவும் மாறவில்லை.
வழக்கம்போல் கரடி வந்தது.
முடியாது என்ற முயலை
வழக்கம்போல் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு
நம் பக்கம் திரும்பிச் சிரித்தது.
முதல் முறையாக
அந்தச் சிரிப்பில் கொஞ்சம்
அசடு வழிந்தது.